தம்பிக்கு ஆகாத பழம்

திராட்சைக் கூடைகளை எடை போடும் மிஷின் மேல் சங்கிலியம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். ஓடைப்பட்டியில் அவர்கள் தோட்டத்துக் கொட்டகையில் கிடக்கும் மிஷின் அது. கூடைக்கென்று வாங்கியது, கொஞ்ச நாளாக அவளுக்கும் உழைக்கிறது. சிவப்பு எழுத்து துள்ளித் துள்ளி எண்பத்தொன்றில் போய் நின்றது. போன வாரமும் அதே எண்பத்தொன்றுதான்.

"ஈரச் சேலையோட ஏறுனியா?" என்றான் கணவன் பிச்சைமணி. "தெனமும் விடிய அம்புட்டுத் தூரம் நடக்கிற. ரோட்டுக்குத்தேன் தேய்மானம் போல."

"மிஷினு பழசு."

"இதையே வியாபாரி சொன்னா நீதேன மல்லுக்கு நிப்ப."

அவளும் சிரித்தாள். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த எண்ணைப் பார்த்தபோது வருத்தத்துக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று மெல்ல இறங்கி உட்கார்ந்தது. அது என்னவென்று அவள் குனிந்து பார்க்கவில்லை.

மதுரை டாக்டர் கேட்டது எழுபத்திரண்டு கிலோ. அந்த எடைக்கு அவள் வந்தால்தான் அவளுடைய கிட்னியில் ஒன்றை எடுத்துத் தம்பி மாரிசெல்வத்துக்கு வைப்பார்கள். அதுவரை அவன் வாரத்தில் மூன்று நாள் தேனிக்குப் போய் டயாலிசிஸ் படுக்கையில் கிடக்க வேண்டும். அவன் மனைவி உமாதேவிதான் முதலில் கிட்னி தர முன்வந்தாள், அவள் ரத்தம் சேரவில்லை. அக்காளுக்கு எல்லாம் சேர்ந்தது. எடை ஒன்றுதான் சேரவில்லை. முதல் மாதம் இரண்டு கிலோ இறங்கியது. அப்புறம் அசையவேயில்லை. ஆபரேஷன் ஒரு முறை தள்ளிப் போயிற்று.

மதுரையில் சாப்பாட்டு முறை சொல்லிக் கொடுத்த பெண் பொறுமையானவள். "நடந்தாச்சேன்னு சாப்பிடாதீங்கக்கா. ஒரு மணி நேரம் நீங்க நடந்து கரைக்கிறதை ரெண்டு வாழைப்பழமும் ஒரு கை கடலையும் அஞ்சு நிமிசத்துல திருப்பிக் குடுத்துரும். பட்டினியும் கிடக்காதீங்க. அளவாச் சாப்பிட்டு, அதுக்கு மேல நடக்கணும். அவ்வளவுதான்" என்றாள்.

சங்கிலியம்மாள் அன்றைக்கே சோற்றை விட்டாள். இரவுக்கு இரண்டு சப்பாத்தி, மத்தியானம் ஒரு கிண்ணம் காய். கேட்டவர்களிடமெல்லாம், "சோத்துல கை வச்சு மாசக் கணக்காச்சு" என்று சொன்னாள். பொய்யில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் சோறு தின்றால்தான் சாப்பிட்டதாகப் பேர். மற்றதெல்லாம் வாயில் போட்டதோடு சரி.

வாயில் போடுவது தம்பி வீட்டில் நடந்தது. இரண்டு தெரு தள்ளி வீடு. சாயங்காலம் தவறாமல் போவாள். சீக்காளியைப் பார்க்க வருகிறவர்கள் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. வாழைப்பழச் சீப்பு, பன்னீர் திராட்சை, சாத்துக்குடி, இளநீர். இந்தச் சீமையில் கண்ணில் படுவதெல்லாம் அதுதானே. அத்தனையும் மாரிசெல்வத்துக்கு ஆகாது. பழத்தில் இருக்கும் சத்து அவன் ரத்தத்தில் தேங்கி நெஞ்சையே நிறுத்திவிடும் என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். தண்ணீரும் அளவுதான். ஒரு நாளைக்கு ஒரு சின்னப் பாட்டில். அதிலும் பாதியை ஐஸ் கட்டியாக உறையவைத்து, நாக்கு வறளும்போது ஒவ்வொன்றாக வாயில் அடக்கிக்கொள்வான்.

அவனே பழத்தை உரித்து அக்காளிடம் நீட்டுவான்.

"வேணாம்லே."

"எனக்காக ஒண்ணு தின்னுக்கா. நீ தின்னா நான் தின்ன மாதிரி இருக்கு."

இதற்கு மேல் எந்த அக்காள் மறுப்பாள்? ஒன்று இரண்டாகும். திராட்சை கொத்தோடு மடிக்கு வரும். அவன் கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளே அடுப்படியிலிருந்து உமாதேவி, "மதினி, காப்பியில சீனி போடலை" என்று பக்தியோடு சொல்லிக்கொண்டு தம்ளரைக் கொண்டுவந்து வைப்பாள். அவளுக்கு மதினி இப்போது சாமி மாதிரி. காலில் விழாத குறை. அந்த முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் சங்கிலியம்மாள் பழத்தோலை எண்ணிக்கொண்டிருப்பாள். காலையில் நடந்த தூரமெல்லாம் அந்தத் தட்டில் தோலாகக் கிடக்கும்.

வெள்ளிக்கிழமை வீரபாண்டிக்குப் போனாள். தம்பி எழுந்து நடமாடினால் சித்திரைத் திருவிழாவில் தீச்சட்டி எடுப்பதாக கௌமாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள். சன்னதியில் கூட்டமில்லை. கண்ணை மூடி, "ஆத்தா, எந் தம்பி பொழைக்கணும்" என்றாள். அது தடையில்லாமல் வந்தது. அடுத்து, "எனக்கு எடை குறையணும்" என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. இரண்டாம் தரம் முயன்றாள். உதடு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பதில் நெஞ்சுக்குள்ளிருந்து, யாரோ சொல்வது போல, 'இன்னும் ஒரு மாசம் தள்ளிப் போகட்டும் தாயே' என்று ஒரு வேண்டுதல் கிளம்பியது.

கண்ணைத் திறந்தாள். அம்மன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எண்பத்தொன்று என்று மிஷின் காட்டும்போதெல்லாம் உள்ளே இறங்கி உட்கார்ந்தது எதுவென்று இப்போது தெரிந்துபோயிற்று. நிம்மதி. இந்த வாரமும் கத்தி இல்லை என்கிற நிம்மதி. மயக்க ஊசி போட்டுத் தன்னைப் படுக்க வைத்து விலாவைக் கீறுவார்கள் என்று நினைத்தாலே அவளுக்கு உள்ளங்கை வியர்க்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை. பயந்தவள் 'மாட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல், பழமாகத் தின்று தீர்த்திருக்கிறாள். பூசாரி கொடுத்த திருநீற்றை நெற்றியில் வைக்கக் கை கூசியது.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். கட்டிலில் சாய்ந்திருந்த மாரிசெல்வம், புதிதாக வந்திருந்த சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்தான்.

"உரிக்காதலே. ஒண்ணு சொல்லணும்."

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

"எனக்கு ஆபரேசன்னா பயம்லே. எடை குறைஞ்சா அங்கன கூப்பிட்ருவாகன்னுதேன் இம்புட்டு நாளும் தின்னுருக்கேன். எனக்கே இன்னைக்குத்தேன் தெரியுது. நீ இங்கன சொட்டுத் தண்ணிக்கு ஏங்கிக் கெடக்க, நான் உம்முன்னால ஒக்காந்து…"

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டால் தேவலை என்றுகூட இருந்தது. அவனோ கையிலிருந்த பழத்தைத் திரும்பச் சீப்போடு ஒட்டவைக்கப் போகிறவன் போல அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நான் எதுக்குக்கா தெனமும் உரிச்சுக் குடுத்தேன்?"

"எதுக்கு?"

"நீ எளைச்சிட்டா ஒன்னைய அறுத்துருவாகள்ல. மச்சானுக்கு ஒன்னைய விட்டா யாரு இருக்கா? வேணாம்னு வாயால சொல்ல எனக்கும் தெம்பு இல்லை. நானும் பொழைக்க ஆசைப்படுறவந்தேன். அதுனால பழத்தைக் குடுத்தேன்."

அடுப்படி நிலைப்படியில் உமாதேவி காப்பித் தம்ளரோடு நிற்பதை அப்புறம்தான் இருவரும் கண்டார்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. தம்ளரை மெல்லத் தரையில் வைத்தாள்.

"அப்ப ஆபரேசன் நடக்கணும்னு நான் ஒருத்திதேன் ஆசைப்பட்டுக்கிட்டு இருந்தனாக்கும்" என்றாள்.

அவள் அழவில்லை. ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் சங்கிலியம்மாள் தாங்கியிருப்பாள். அந்த ஒரு வார்த்தை அவளை எழுப்பி உமாதேவியின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. கையைப் பிடித்தாள்.

"பயம் இன்னும் இருக்குத்தா. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா மாட்டேன்னு சொல்லலை. பயத்தோடயே வாரேன்."

உமாதேவி, "பயமா இருந்தா எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல மதினி. எனக்கும் ரத்தம் எடுக்கையில பயமாத்தேன் இருந்துச்சு" என்றாள். சொல்லிவிட்டுப் பழச் சீப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். திராட்சை வெட்டிவிட்டுத் திரும்பும் பெண்களோடு ஒரு வண்டி தெரு முனையில் நின்றிருந்தது. சீப்பு கை மாறியது. வண்டிக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. "இன்னமே தெனம் குடுப்பியாத்தா?" என்று ஒருத்தி கேட்டாள். "யாரு கொண்டாந்தாலும் ஒங்களுக்குத்தேன்" என்றாள் உமாதேவி.

அதற்கடுத்த நாள்களில் சாயங்காலமும் நடை உண்டு. தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் வரைக்கும் மாரிசெல்வமும் கூட வருவான். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவான். கோயிலில் அவன் உட்கார்ந்துகொள்ள, உமாதேவியும் சங்கிலியம்மாளும் தோட்டத்துப் பாதையில் மேலும் ஒரு சுற்று நடந்துவிட்டு அவனைக் கூட்டிக்கொண்டு திரும்புவார்கள். பயம் வந்தால் சங்கிலியம்மாள் வாய்விட்டுச் சொன்னாள். உமாதேவி கேட்டுக்கொண்டே நடந்தாள். ஆறுதல் எதுவும் சொல்லமாட்டாள். ஆனால் அன்றைக்குச் சுற்றைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடுவாள்.

மிஷின் ஒரு நாள் எண்பது காட்டியது. பிச்சைமணி, "மிஷினு ரிப்பேரு" என்றான். அவள் சிரித்துக்கொண்டே இறங்கினாள். அன்று உள்ளே எதுவும் இறங்கி உட்காரவில்லை. பயம்தான் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் தம்பி வீட்டில் உட்கார்ந்திருக்கையில் பசி கண்ணைக் கட்டியது. இரவுச் சப்பாத்திக்கு இன்னும் நேரம் இருந்தது. கை பழைய பழக்கத்தில் தட்டைத் தேடிப் போனது. தட்டு காலி. மாரிசெல்வம் அதைப் பார்த்தான். தன் கிண்ணத்தில் மிச்சமிருந்த இரண்டு ஐஸ் கட்டிகளில் ஒன்றை எடுத்து நீட்டினான்.

"ஒன் பங்கு தண்ணிலே அது. ராத்திரிக்கு வேணும்ல?"

"இதுல எடை ஏறாதுக்கா. ஒனக்குக் குடுக்கிறதுக்கு எங்கிட்ட வேற என்ன இருக்கு?"

வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். அவனும் மற்றதை அடக்கிக்கொண்டான். பல் கூச, இரு கன்னமும் உப்ப, பேச முடியாமல் அக்காளும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த உமாதேவி, "ரெண்டு பேரும் இப்ப என்னத்தத் தின்றீக?" என்று அதட்டினாள்.

சங்கிலியம்மாள் வாயைத் திறந்து காட்டினாள்.