திருப்பிக் கொடுத்த வெற்றிலை

கொல்லங்கோட்டிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் சாலையில், காரைமேட்டுக்கும் அதன் வயல்களுக்கும் நடுவே ஒரு சுங்க கேட்டு இருந்தது. சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில். அதன் ஒரு முனையில் கல், மறுமுனையில் கயிறு. வண்டி வந்தால் இரண்டணா. எருவை ஏற்றிப் போனாலும் இரண்டணா, நெல்லை ஏற்றி வந்தாலும் இரண்டணா. ஊர் ஒரு பக்கம், வயல் மறுபக்கம். கேட்டை அந்த இடத்தில் வைத்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது என்று ஈஸ்வரமூர்த்தி நினைத்தார்.

அதை வயல்களைத் தாண்டி அரை மைல் கிழக்கே தள்ளி வைத்தால் போதும். அதற்குத் தாலுகா போர்டில் ஒரு தீர்மானம் வேண்டும். தீர்மானம் கொண்டுவர ஒரு மெம்பர் வேண்டும். அதற்காகத்தான் அவர் தேர்தலில் நின்றார். மூன்று வருடங்களாக மெம்பராக இருந்த ராக்கப்பன், கேட்டைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. அவருடைய தேர்தல் செலவை, சுங்க கேட்டைக் குத்தகைக்கு எடுத்த நல்லமுத்து பார்த்துக்கொள்கிறார் என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

வரி கட்டுகிறவர்களுக்கு மட்டும் ஓட்டு இருந்த காலம் அது. காரைமேட்டில் ஓட்டு அறுபத்து மூன்று. அந்த அறுபத்து மூன்று வீட்டுக்கும், தேர்தலுக்கு ஐந்து நாள் முன்பு, நல்லமுத்துவின் ஆள் சோலை ஒரு கூடையோடு வந்தான். வெளியூர்க்காரன். கையில் இருந்த பட்டியலைப் பார்த்து, வரிசை மாறாமல், வீடு வீடாக ஐந்து வெற்றிலையும் இரண்டு பாக்கும் கொடுத்துக்கொண்டே போனான். பட்டியலில் இருபத்தாறாவது பெயர் ஈஸ்வரமூர்த்தி. அந்த வீட்டிலும் கொடுத்தான்.

ஈஸ்வரமூர்த்தி அப்போது வயலில் இருந்தார். வாசலுக்கு வந்த அவர் மனைவி காளியாத்தாள், நல்லமுத்து வீட்டில் கல்யாணம் போலிருக்கிறது, அழைப்பு வந்திருக்கிறது என்று நினைத்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவன் தெரு திரும்பிய பிறகுதான் வெற்றிலைக்கு அடியில் அரை ரூபாய் இருப்பதைக் கண்டாள்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுவதும் தெரிந்துவிட்டது. முதலில் சிரித்தவன் குப்பண்ணன். காளியாத்தாளுக்குப் பெரியப்பா மகன். ஒரு ஜோடி மாடும் ஒன்றரை ஏக்கரும் உடையவன். எதையும் சிரிக்காமல் சொல்லத் தெரியாதவன்.

"ஏ மாப்ளே, ராக்கப்பனுக்குத்தான உன்ற ஓட்டு? வெத்தல வாங்கியாச்சாமே."

"எனக்குத் தெரியாமக் குடுத்துட்டுப் போயிருக்கறான். போய் அவன் மூஞ்சில வீசிட்டு வரேன்," என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"வீசறதெல்லாம் வேண்டாமுங்க," என்றாள் காளியாத்தாள் உள்ளேயிருந்து. "வீசினா அவனுக்குத்தான் அவமானம். நாம வாங்குன வாக்கு அப்படியேதான் இருக்கும்."

அவள் சொன்னது அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லாத விஷயம். வாசல் தேடி வந்த வெற்றிலையை வாங்கினால் சம்மதம் என்று பொருள். பெண் கேட்டு வந்தாலும் அப்படித்தான், நிலம் கேட்டு வந்தாலும் அப்படித்தான். ஓட்டுப் போடும் இடத்தில் துணி கட்டி மறைத்திருப்பார்கள், யார் எந்தப் பெட்டியில் போட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது என்று சர்க்கார் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். நல்லமுத்து அதற்காகக் கவலைப்படவே இல்லை. துணிக்கு உள்ளே போகும் மனிதர்களை அவருக்குத் தெரியும்.

"அப்ப என்னதான் பண்றது?"

"எங்க தங்கச்சிக்கு நிச்சயம் பண்ணி, அப்பறம் வேண்டாம்னு ஆச்சுங்களே, அப்ப எங்கம்மா என்ன பண்ணுனாங்களோ அதான். வாங்குன எண்ணிக்கைக்குப் புது வெத்தல. வாங்குன காசு. வாங்குன கையே கொண்டுபோய்க் குடுக்கோணும். நாலு பேர் பாக்கறாப்பல."

கேட்டு வரைக்கும் அரை மைல். அவ்வளவு தூரமும் எல்லார் கண்ணிலும் பட, நிச்சயம் முறித்த வீட்டுக்காரியைப் போலத் தட்டு ஏந்தி அவள் போக வேண்டும்.

"நான் வரட்டுமா?"

"நீங்க வாங்கலையே," என்றாள்.

மறுநாள் காலை அவள் புறப்பட்டாள். தை மாதத்துக் காற்று கணவாயிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. பனைகள் எல்லாம் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்திருந்தன. வெற்றிலை பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் அரை ரூபாயை வைத்து, கட்டை விரலால் அழுத்திக்கொண்டு நடந்தாள். தெற்கே மலை நீலமாக, மிகத் தொலைவில், இந்த ஊர்க் கவலை எதுவும் எட்டாத இடம்போல நின்றது. தெருவில் பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். ஒருத்தியும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. தட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

நல்லமுத்து கேட்டுக் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதட்டிப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை.

"என்னம்மா இது? குடுத்த வெத்தலைய ஆராச்சும் திருப்பிக் கொண்டாருவாங்களா?"

"பொண்ணுக் குடுக்க இஷ்டமில்லைன்னாக் கொண்டாருவாங்க."

"ஓட்டு என்ன பொண்ணா?"

"வெத்தலையோட வந்தது நீங்கதானுங்களே," என்று சொல்லி, தட்டிலிருந்ததை மேசைமேல் வைத்தாள். "எண்ணிக்குங்க. அஞ்சு வெத்தல, ரெண்டு பாக்கு."

கேட்டில் நின்ற வண்டிக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லமுத்து எண்ணவில்லை, சிரித்தார். ஆனால் அவள் திரும்பி வரும் வழியில் எதிரே இரண்டு பெண்கள் தட்டோடு போனார்கள். சாயங்காலத்துக்குள் பதினெட்டு வீட்டு வெற்றிலை திரும்பிவிட்டது. நல்லமுத்து சிரிப்பதை நிறுத்திவிட்டு எண்ணத் தொடங்கினார்.

அடுத்த நாள் இன்னும் பதினொன்று. அதோடு நின்றுபோயிற்று. மீதிப் பேரில் பலருக்கு நல்லமுத்துவிடம் வேறு காரியங்கள் இருந்தன. ஒரு பன்னிரண்டு பேருக்கு மட்டும் திருப்பிக் கொடுக்க மனம் இருந்தது, காசு இல்லை. அரை ரூபாய் வந்த அன்றே அது உப்பாகவும் மண்ணெண்ணெயாகவும் மாறிவிட்டது. அவர்கள் ஈஸ்வரமூர்த்தி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். குப்பண்ணன் முன்னால் நின்றான்.

"மாப்ளே, எட்டணாக் கைமாத்துக் குடு. கேட்டுல போய்க் கடாசிட்டு வந்தர்றேன். இவங்களுக்கும் குடு. மொத்தம் ஆறு ரூவா."

ஈஸ்வரமூர்த்தி உள்ளே போனார். நெல் விற்ற பணம் பெட்டியில் இருந்தது. பூட்டைத் திறந்து, ஆறு ரூபாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் இருட்டில் நின்றார். சின்னத் தொகை. பன்னிரண்டு ஓட்டு. கேட்டு அரை மைல் தள்ளிப் போய்விடும். பிறகு பணத்தைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"குடுக்க மாட்டேன் மச்சான்."

"ஏன், திருப்பித் தர மாட்டேன்னு பயமா?"

"தருவே. அதுக்கில்ல. எங்கையில எட்டணா வாங்கிட்டு எனக்கு ஓட்டுப் போட்டீன்னா, நல்லமுத்து காசுக்கும் என்ற காசுக்கும் என்ன வித்தியாசம்?"

"அவன் கேட்டுக்காரன். நீ என்ற மாப்ள. இதவிட என்ன வித்தியாசம் வேணும் உனக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். ஈஸ்வரமூர்த்தியும் சிரித்தார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"இந்த வாட்டி எட்டணா. அடுத்த வாட்டி அவன் ஒரு ரூவா வெப்பான். நான் ஒண்ணரை வெக்கோணும். என்ற பொட்டி எத்தன நாளைக்குத் தாங்கும்? அப்பறம் நானும் ஒரு கேட்டுக்காரனத் தேடிப் போவேன். அவன் என்ன கேக்கறானோ அதுக்குக் கை தூக்குவேன்."

கூட்டத்தின் ஓரத்தில் சின்னத்தாயி நின்றுகொண்டிருந்தாள். புருஷன் இறந்த பிறகு அரை ஏக்கர் நிலமும் அதன் வரியும், வரியோடு ஓட்டும் அவளுக்கு வந்திருந்தன.

"உங்க நெனப்பு நல்லாத்தான் இருக்குதுங்க," என்றாள். "பொட்டியில எட்டணா வெச்சிருக்கறவங்க நெனைக்கற நெனப்பு. நான் எங்க போகட்டும்?"

எல்லாரும் கலைந்து போன பிறகும் அந்தக் கேள்வி வாசலிலேயே நின்றது. சரியான காரியத்தைச் செய்ததாகத்தான் அவர் நினைத்தார். ஆனால் அந்தச் சரிக்கான விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து இரண்டு நாள் குப்பண்ணனை ஊரில் காணவில்லை. தேர்தல் நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் எல்லாரும் வரிசையில் நின்றபோது கிழக்கேயிருந்து நடந்து வந்தான். முகம் கறுத்திருந்தது. வலது கையில் துணி சுற்றியிருந்தது.

"எங்க மச்சான் போயிட்டே?"

"முதலமடப் பக்கம். நெல்லுக் கருதறுப்பு. ஒரு நாளைக்கு நாலணாக் கூலி."

வரிசையில் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். "பட்டாக்காரன் கூலிக்குப் போனியா?"

"அங்க ஆருக்குமே என்னியத் தெரியாதுங்க. ஒருத்தன் மட்டும், அருவாப் புடிக்கறது பாத்தா சொந்த வயல்ல அறுத்த கையாட்ட இருக்குதேன்னான். எங்கப்பனுக்கு இருந்துச்சு, நான் குடிச்சுத் தீத்துட்டேன்னு சொல்லிப் போட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தான். "வர்ற வழியில கேட்டுல நின்னு, அஞ்சு வெத்தல ரெண்டு பாக்கு எட்டணா, எல்லாம் எண்ணி வெச்சுட்டுத்தான் வரேன். மாப்ளே, இப்ப நான் ஆருக்குப் போடுவேன்னு உனக்குச் சொல்ல மாட்டேன் போ."

ஈஸ்வரமூர்த்தி அவன் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தார்.

சின்னத்தாயி பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே வரும்போது அவருக்கு எதிரே நின்று, குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்: "ராக்கப்பனுக்குத்தானுங்க போட்டேன். வாங்கினது வாங்கினதுதானே. மனசு வெச்சுக்காதீங்க."

"இல்லை," என்றார்.

காரைமேட்டையும் சேர்த்து, அந்த மெம்பர் பதவிக்குரிய மூன்று ஊர் ஓட்டும் எண்ணி முடித்தபோது ராக்கப்பனுக்கு எண்பது, ஈஸ்வரமூர்த்திக்கு எழுபத்தேழு.

வீட்டுக்கு வந்து கால் கழுவி உட்கார்ந்தவருக்குக் காளியாத்தாள் மோர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு சொன்னாள்:

"ரெண்டு பேரு மாத்திப் போட்டிருந்தாப் போதுமுங்க. ஒத்த ரூவா."

"ஆமாம்."

"குத்தமாச் சொல்லலீங்க. கணக்குச் சொன்னேன்."

அவர் மோரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். வெளியே வண்டி ஒன்று எரு ஏற்றிக்கொண்டு கேட்டுப் பக்கம் போகும் சத்தம் கேட்டது. நாளைக்கும் போகும். மூன்று வருடம் போகும். அந்த ஒரு ரூபாயைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தனக்குத்தானே கேட்டுப் பார்த்தார். இரண்டு பதில்கள் தோன்றின. இரண்டும் உண்மையாகவே இருந்தன.

மாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். பகல் சாய்கிற நேரத்தில் ஈஸ்வரமூர்த்தி வீட்டு முன்னால் ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. இறங்கியவர் ராக்கப்பன். வயல்களுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். மெலிந்த, தாழ்ந்த குரலுடைய மனிதர். அங்கே பேச்சுக்கு வந்திருந்த குப்பண்ணன் எழுந்து, "வாங்க மெம்பரே," என்று பெரிதாகக் கும்பிட்டான்.

ராக்கப்பன் உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரைக் குடித்தார். வந்த காரியத்தைச் சொல்ல அவருக்கு வெகு நேரம் பிடித்தது.

"கேட்டுக் குத்தகை அடுத்த மாசம் முடியுதுங்க. ஏலம் விட வேண்டாம், பழைய தொகைக்கே இன்னும் மூணு வருசம் நல்லமுத்துக்கு விட்டரலாம்னு நான் தீர்மானம் கொண்டாரோணுமாம். எழுதியே அனுப்பிச்சுட்டார். கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்." அவர் மேல்துண்டின் நுனியை மடித்து மடித்துப் பிரித்தார். "எம்பது பேரு எனக்குப் போட்டாங்க. அதுல எத்தன பேரு எனக்குப் போட்டாங்கன்னு எனக்கே தெரியலீங்க."

ராக்கப்பன் காளியாத்தாள் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க வெத்தலையத் திருப்பிக் குடுத்தீங்களே. அது எப்படிங்க முறை?"

காளியாத்தாள் கணவனைப் பார்த்தாள். பிறகு, பாடம் ஒப்பிப்பதுபோல இல்லாமல், மெதுவாகச் சொன்னாள்: "வாங்குன அளவு குறையாமக் குடுக்கோணும். வாங்குன கையே குடுக்கோணும். நாலு பேரு பாக்கோணும்."

"நானூறு ரூவாய்ங்க, அவரு எனக்காகச் செலவு பண்ணுனது. வண்டி, சாப்பாடு, வெத்தல எல்லாம் சேத்து."

"ஒரு நாளைக்கு நாலணான்னா ஆயிரத்து அறநூறு நாளுங்க மெம்பரே," என்றான் குப்பண்ணன். "முதலமடையில அத்தன கருது இல்ல." சொன்ன பிறகு, தான் சொன்னதற்குத் தானே சிரிக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"நாலு பேரு முன்னால குடுத்துத்தான் ஆகோணுமா?" என்று கேட்டார் ராக்கப்பன்.

"நீங்க வாங்கினது நாலு பேருக்குத் தெரியாதுங்களா?" என்றாள் காளியாத்தாள்.

அவர் எழுந்தார். தோற்றவனுடைய வீட்டுக்கு வந்து, ஜெயித்தவர் இப்படி நிற்கிறாரே என்று ஈஸ்வரமூர்த்திக்குத் தோன்றியது. அவருக்குக் கோபம் வரவில்லை. ராக்கப்பனைவிடத் தன் கை எவ்வளவு கட்டற்று இருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. வழியனுப்பக் கூடவே நடந்தார். கேட்டு வரைக்கும் வண்டியில் ஏறாமல் இரண்டு பேரும் நடந்தார்கள். வண்டி பின்னால் வந்தது.

மெம்பரின் மாட்டைத் தொலைவிலேயே அடையாளம் கண்டு, கேட்டுக்காரன் கயிற்றைத் தளர்த்தி மூங்கிலை மேலே விட்டான். அவருக்குச் சுங்கம் கிடையாது; மூன்று வருடமாக அதுதான் வழக்கம். வண்டிக்காரன் மாட்டை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். ராக்கப்பன் போகவில்லை. மடியிலிருந்து இரண்டணாவை எடுத்து நீட்டினார்.

"எதுக்குங்க? உங்ககிட்ட வாங்கறதில்லீங்களே," என்றான் கேட்டுக்காரன்.

"வாங்கிக்க. இனிமே சும்மா போறதில்ல."

"முதலாளி வைவாருங்க."

பின்னால் மூன்று வண்டிகள் வந்து நின்றுவிட்டன. வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கேட்டுக்காரன் காசையும் தொடாமல், மூங்கிலையும் இறக்காமல், கொட்டகைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். ராக்கப்பன் நீட்டிய கையை மடக்கவில்லை.