நூறு டிகிரின்னு காட்டுது

ப்ரொஃபசர் லியோகாதியா மெயில்ல ஒரே ஒரு வரிதான் கேட்டிருந்தாங்க. "சூட்டை எங்க வச்சு அளந்தீங்க?" வியாழக்கிழமை எனக்கு பிஎச்.டி. வைவா, கேள்வி கேக்கப் போறதே அவங்கதான். இன்னிக்கு திங்கள்.

நாலு வருஷமா இந்த கம்பினாஸ் யூனிவர்சிட்டி லேப்ல சிலிக்கான் சில்லு மேல கார்பன் படலம் போட்டுட்டு இருக்கேன். சில்லு சூடு கம்மியா இருந்தா, கார்பன் அணு விழுந்த இடத்துலயே வைரம் மாதிரி நாலு கையும் கோத்துக்கும். சூடு ஏறுச்சுன்னா மூணு கையோட தட்டையா படுத்துக்கும், பென்சில் முனை மாதிரி. எங்க மாறுதுங்கறதுதான் கேள்வி. ஊர்ல எல்லாருக்கும் நூத்தம்பதுக்கு மேலதான் மாறுது, எனக்கு நூறுலயே மாறுச்சு. என் வாயுக் கலவைதான் காரணம்னு இருநூறு பக்கம் எழுதி வச்சிருக்கேன்.

ஆனா அளந்தது சில்லுல இல்ல. கீழ இருக்கற தட்டுல.

சில்லைப் பிடிக்கற கிளிப் ரெண்டு வருஷம் முன்னாடியே உடைஞ்சிருச்சு. புதுசு கஸ்டம்ஸ்ல எட்டு மாசம் கிடந்துச்சு. அதுவரைக்கும் காத்திருக்க முடியுமா? துணி கிளிப்போட ஸ்பிரிங்கைக் கழட்டி ஒப்பேத்தினேன். இங்க எல்லாருமே அப்படித்தான். புதுசு வந்தப்போ ஸ்பிரிங் நல்லாத்தானே இருக்குன்னு மாத்தவே இல்ல.

"ஏய் ஜசியாரா, அந்த ஸ்பிரிங்தான உன் பெரிய கண்டுபிடிப்பு?" பக்கத்து மெஷின்ல வேலை பாக்கற வால்திரெனி மெயிலை எட்டிப் பாத்துச் சிரிச்சா. அப்புறம் என் மூஞ்சியப் பாத்துட்டு, "அடிப்பாவி. சில்லு தட்டுல ஒட்டவே இல்லையா?"

"தெரியலடி."

"ஒட்டலன்னா பிளாஸ்மா அடிக்கற சூடு எங்க போகும்?"

அவளே இண்டியம்ங்கற மெத்து உலோகக் கம்பிய எடுத்து, பிளேடால கடுகளவு வெட்டி, முனை கூரா இருக்கற மாதிரி சில்லு ஓரத்துல வச்சா. நூத்தம்பத்தேழுல உருகிரும். மெஷினை நூறுல ஓட்டுவோம். துணுக்கு அப்படியே இருந்தா என் தீசிஸ் பொழைச்சுது. உருகினா, நானும் ஊரோட சேந்து நூத்தம்பதுக்கு மேலதான் அளந்திருக்கேன்.

மெஷினோட வேக்குவம் பம்பு உறுமுச்சு. அது மேல ஒட்டியிருக்கற மாதா படத்தை வழக்கம்போல தொட்டுக்கிட்டேன். ஊதா வெளிச்சம் பத்துச்சு.

போன்ல அம்மாவோட வாய்ஸ் மெசேஜ், என் வைவாவுக்கு பஸ்ல வந்துட்டு இருக்காங்க. "மகளே, பாயா மாநிலம் தாண்டிட்டோம். முந்திரி மிட்டாய் உருகாம மடியிலயே வச்சிருக்கேன். பக்கத்து சீட்டுக்காரிகிட்ட சொல்லிட்டேன், என் பொண்ணு டாக்டரு, ஊசி போடுற டாக்டர் இல்லன்னு."

போனைக் கவுத்து வச்சேன்.

பத்து நிமிஷம் ஒண்ணும் ஆகல. வால்திரெனி, "பாத்தியா, சும்மா பயந்த. காப்பி வாங்கிட்டு வரட்டா?"ன்னா.

"போகாதடி."

பதினேழாவது நிமிஷம் மெஷின் ஜன்னல் கண்ணாடி மங்குச்சு. என் மூச்சுதான்னு சட்டைக் கையால துடைச்சேன். துடைச்சுக்கிட்டே இருந்தேன். துணுக்கோட கூர் முனையக் காணோம்.

"அணைச்சிரட்டா?" வால்திரெனி மெதுவா கேட்டா. இப்போ அவ சிரிக்கல.

திரையில நூறு, ஒரு புள்ளி கூட அசையல. உள்ள சில்லு ஓரத்துல ஒரு உருண்டை, பளபளன்னு, பம்பு உறுமுற ஒவ்வொரு தடவையும் லேசா நடுங்கிட்டு இருந்துச்சு.