பார்வை நேரம் முடியும்வரை ஈப்போ

1

இந்தக் கதையை ஈப்போவில் ஒரு தாவுஃபூஃபா கடையில், அடுத்த மேசையிலிருந்து எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டேன் என்பது கொஞ்சம் மரியாதையான சொல்.

தாவுஃபூஃபா என்பது சோயாப் பாலில் செய்வது; கரண்டி பட்டாலே உடைந்துவிடும், மேலே சர்க்கரைப் பாகு ஊற்றித் தருவார்கள். அந்த மேசையில் ஓர் அப்பா, ஒரு மகள், ஒரு சின்ன மகன். அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார், உடனே இன்னொரு கிண்ணம் வாங்குவார். பிள்ளைகளுக்கு வயிறு நிறைந்துவிட்டது என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. மறுபடி கடிகாரம், மறுபடி ஒரு கிண்ணம். அவசரம் உள்ளவன் இப்படி வாங்கிக்கொண்டிருக்க மாட்டான். அவசரம் இல்லாதவனுக்குக் கடிகாரத்தில் என்ன வேலை?

அவர்களுக்கு முன்பே நான் எழுந்து வந்துவிட்டேன். மீதியெல்லாம் நான் அளந்துவிடுவது.

2

தொடக்கம் சரியாக வரவில்லை. முதலில் இப்படி எழுதினேன்:

[ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகள் அன்று காலை வெண்பனியில்]

அன்று பனியும் இல்லை, ஒன்றும் இல்லை. சுற்றுலாக் கையேட்டின் வாசனை அடித்தது, விட்டுவிட்டேன். அடுத்து:

[கோகிலன் ஒரு கோழை. அவன்]

ஆளைக் கண்ணில் காட்டும் முன்பே தீர்ப்புச் சொல்வது எழுதுகிறவனுக்கு அழகில்லை. அதையும் அடித்தேன். ஆனால் அந்தச் சொல் என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு எழ மறுக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவதாக வந்ததை வைத்துக்கொண்டேன்:

பிள்ளைகளுக்கு ஈப்போவைச் சுற்றிக் காட்டப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, கோகிலன் அன்று காலை தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கிளம்பினான்.

கோகிலனுக்கு லூமுட் படகுத்துறைப் பக்கம் ஐஸ் தொழிற்சாலையில் வேலை. வீடு, முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்து இப்போது எண்ணெய்ப்பனை முளைத்திருக்கும் இடத்தில், இடிக்காமல் விட்டுவைத்த லயத்தில், அதாவது பழைய தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். மகள் ஷர்மினி ஐந்தாம் வகுப்பு. மகன் ஷர்வின் அடுத்த ஆண்டுதான் முதல் வகுப்பு. (அக்கா பெயரும் தம்பி பெயரும் ஒரே எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது எங்கள் நாட்டில் யாரும் எழுதாத சட்டம்.) அம்மா பெயர் தினேஸ்வரி. அவள் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறது. உண்மையில் அவள் தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.*

* வெளியூர் வாசகருக்கு: ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் ஒரு வசவு. பரீட்சையில் கோட்டைவிட்டவனையும், தனக்குள் சிரிக்கிறவனையும், புருஷனோடு சண்டை பிடிக்கிறவளையும் அங்கேதான் அனுப்புவோம், வாயால். அதனால் உண்மையாகவே அங்கே போனவர்களைப் பற்றிப் பேச எங்களிடம் வார்த்தை மிச்சமில்லை. தினேஸ்வரி அடுப்பில் கஞ்சி தீய்வதைப் பார்த்தபடி அசையாமல் நின்ற நாளிலிருந்து லயத்தில் எல்லோரும் காத்து கருப்பு என்றுதான் சொன்னார்கள். சாமியாடியிடம் போய் எலுமிச்சை வெட்டி, மஞ்சள் கயிறு கட்டி, ஒரு மழைக்காலம் முழுக்க ஓடியது. ஊர்ப் பெயரைச் சொல்லக் கூசியே அவளை இன்னும் நோயாளி ஆக்கினார்கள். சிங்கப்பூர் என்ற பொய்யும் அந்தக் கூச்சம் பெற்ற பிள்ளைதான்.

இப்போது அவள் தேறி வருகிறாள். போன வாரம் வார்டுத் தொலைபேசியில் கோகிலனிடம் பேசினாள். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள், வெளியே மரத்தடியில் பார்க்கலாம், வார்டு நர்ஸ் மிஸியிடம் கேட்டுவிட்டேன் என்றாள். பிறகு சொன்னாள்: “கண்ணால பாத்தா போதும்ங்க. நான் அழமாட்டேன்.” கோகிலன் வாரேன் என்று வாக்குக் கொடுத்தான்.

அந்த வாக்கை அவன் காப்பாற்றுவானா என்பதுதான் இந்தக் கதை. வேறு மர்மம் எதுவும் ஒளித்து வைக்கவில்லை.

3

‘கஞ்சில்’ என்கிற அந்தப் பழைய சின்னக் கார் ஈப்போவுக்குள் நுழையும்போது பார்வை நேரம் தொடங்கவே இன்னும் நிறைய பொழுது இருந்தது. முதலில் சாமி கும்பிட்டுவிடலாம் என்று கல்லுமலைக் கோயிலுக்குப் போனார்கள். குகைக்குள் நின்று கோகிலன் என்ன வேண்டிக்கொண்டான் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு எதுவும் கெட்டுவிடக் கூடாது என்று வேண்டினான். கூடவே, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் தேவலை என்றும் வேண்டினான். ஒரே மூச்சில் இரண்டையும் கேட்டால் முருகன் என்னதான் செய்வார்.

பிறகு ரயில் நிலையம். வெள்ளைவெளேர் என்று நிற்கும் அந்தக் கட்டடத்தைப் பார்த்து, இதுதான் ராஜா வீடா என்று ஷர்வின் கேட்டான். ஆமாம் என்றான் கோகிலன். பொய் சொல்லிப் பழகிவிட்ட வாய். பிறகு பழைய டவுனில் சுவர்ச் சித்திரங்கள். ஒன்றைப் பார்த்ததும் போதும் என்றுதான் கோகிலன் நினைத்திருந்தான். ஷர்மினி விடவில்லை. அந்தச் சந்திலும் ஒன்று இருக்கிறதாம், டீச்சர் சொன்னார்களாம், அதையும் பார்க்க வேண்டும் என்றாள். அதைப் பார்த்தபின் மூன்றாவது. பிறகு ஆற்றங்கரை. பிறகு லிட்டில் இந்தியாவில் வளையல். வாய் திறந்து எதுவும் கேட்காத பெண் அன்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முறையும் ‘நேரமாச்சு’ என்று சொல்ல கோகிலனுக்கு வாய் வரும். வந்து, சரி வா என்று திரும்பும். அவனுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. பிள்ளை ஆசைப்படுகிறது, பாவம், நான் என்ன செய்வது என்று சொல்லிக்கொள்ள நல்ல சாக்குக் கிடைத்துவிட்டது.

4

என் மனைவி இதுவரை எழுதியதைப் படித்தாள். “ஊரு சுத்துற கதை நல்லாதான் இருக்கு. பெத்தவ எங்க?” என்றாள்.

வருவாள் என்றேன்.

“நீங்களும் அந்தாளு மாதிரியே இழுத்தடிக்கிறீங்க.”

உண்மைதான். கோயில், ரயில் நிலையம், வளையல் கடை என்று நான் எழுதியதெல்லாம் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகாமலிருக்கத்தான். அங்கே மரத்தடியில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு எப்படி முகம் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிப் பார்த்தேன்:

[தினேஸ்வரி நீலநிற ஆஸ்பத்திரி உடையில், வாசலைப் பார்த்த]

மேலே ஓடவில்லை. கோழை என்ற சொல்லை இப்போது எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

5

தாவுஃபூஃபா கடையில் நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன். அங்கிருந்து அவர்கள் வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. காருக்குள் ஏறி, கண்ணாடி ஏற்றி, துடைப்பானைப் போட்டான் கோகிலன். வண்டியை எடுக்கவில்லை. இப்போது கிளம்பினால்கூட முடியும் என்று மனசு சொன்னது. மழையில் சாலை எப்படி இருக்குமோ என்றும் அதே மனசு சொன்னது. பின்னால் ஷர்வின் தூங்கிப்போயிருந்தான்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஷர்மினி மணியைப் பார்த்தாள். “இனிமே போனா உள்ள விடமாட்டாங்க பா. வீட்டுக்குப் போலாம்” என்றாள்.

கோகிலனுக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. எங்கே உள்ளே விடமாட்டார்கள் என்று கேட்டான்.

“தஞ்சோங் ரம்புத்தான்ல. பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் தெரியும் லா பா.”

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்தச் சித்திரங்கள், ஆற்றங்கரை, வளையல் எதுவும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. காலையிலிருந்து அவனைப் போலவே அவளும் நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தாள், அவனைவிடக் கெட்டிக்காரத்தனமாக. ஏன் என்று கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை. அவளே சொன்னாள்.

தினேஸ்வரியை வேனில் ஏற்றிக்கொண்டு போன அன்று, வாசலில் நின்ற ஷர்மினி அம்மாவின் கையைப் பிடித்தாள். தினேஸ்வரி அவளை மேலும் கீழும் பார்த்து, நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டாள். கோகிலன் அதை மறந்தேபோயிருந்தான். அன்றைக்கு அவனுக்கு இருந்த கவலையில் அது ஒன்றாகவே படவில்லை.

“இன்னிக்கும் அப்படியே கேட்டுட்டாங்கன்னா நான் என்ன பா சொல்றது?”

கோகிலன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அழுகை வந்தது. மகள் பார்க்கிறாளே என்று அடக்கவும் தோன்றவில்லை, அழவும் தெரியவில்லை.

6

போன் அடித்தது. வார்டு எண்.

அவனுடைய போனில் காதில் வைத்துக் கேட்கும் பாகம் கெட்டுப் பல மாதம் ஆகிறது. ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். அவன் எடுக்கவில்லை. சத்தத்தில் விழித்த ஷர்வின் பின் இருக்கையிலிருந்து எட்டி, பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டான். வீட்டில் அது அவன் வேலை.

“ஹலோ, யாரு?”

“ஷர்வின் ஐயா. அம்மா பேசுறேன். எங்க இருக்கீங்க?”

“ஈப்போல மா! இங்க மழை. சிங்கப்பூர்ல மழையா?”

(இங்கே நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். பாத்திரங்கள் கையை மீறிப் போய்விட்டன என்று எழுதுகிறவர்கள் சொல்லும்போது நான் சிரிப்பேன். எழுதுவது நம் கைதானே. இதையும் என் கைதான் எழுதியது.)

“ஆமா யா” என்றாள் தினேஸ்வரி. “இங்கயும் மழைதான்.”

கோகிலன் கண்களை மூடிக்கொண்டான். தான் சொன்ன பொய்க்குள் அவள் ஒரு கேள்வியும் கேட்காமல் வந்து உட்கார்ந்துவிட்டாள். ஊரே பைத்தியம் என்று சொன்னவளுக்கு அதற்குக் கண் இமைக்கும் நேரம் போதுமாக இருந்தது.

“ஷர்மினி பக்கத்துல இருக்காளா?”

“இருக்கா மா. பேச மாட்டேங்கிறா.”

“பரவால்ல. அவ சின்னதுலேருந்தே அப்படித்தான், மனசுல போட்டு வச்சுக்குவா. அப்பாகிட்ட சொல்லு யா, இன்னிக்கு வர வேணாம். மழைல ரொம்ப தூரம்.”

ஷர்மினி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

7

இனி முடிவு.

ஒன்று எழுதினேன்: கோகிலன் வண்டியைத் தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் திருப்புகிறான், வாசல் காவலர் மனம் இரங்கிக் கதவைத் திறக்கிறார். அப்படிப்பட்ட காவலர்களைக் கதைகளில் நிறையப் பார்த்துவிட்டேன். கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் அவன் லூமுட் சாலையைப் பிடிக்கிறான். அடுத்த மாதம் போகலாம் என்று யாரும் கேட்காமலே சொல்கிறான். இது நடக்கக்கூடியது. நடக்கக்கூடியது என்பதாலேயே எழுதப் பிடிக்கவில்லை.

[கோகிலன் போனை நோக்கிக் குனிந்து, “தினேஸ், நாங்க]

இதற்கு மேல் என்னால் முடியாது. உடனே வாரோம் என்று சொன்னால் சின்னவனிடம் சிங்கப்பூர் உடைந்துபோகும். சரி, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொன்னால், தன்னை மகளென்று தெரிந்து வைத்திருக்கும் அம்மாவை விட்டுவிட்டு அந்தப் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். எதுவும் சொல்லாமல் துண்டித்தாலும் அதுவும் ஒரு பதில்தான்; ஆஸ்பத்திரிச் சுவரோரம் நின்று அதைக் கேட்பவள் ஒருத்தி இருக்கிறாள்.

அவன் வாயைத் திறந்துவிட்டான். வாக்கியம் உங்களுடையது. பார்த்துச் சொல்லுங்கள், போன் இன்னும் ஸ்பீக்கரில்தான் இருக்கிறது. மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.