வெயில் குறைவு

பிரஷாந்திக்கு நாட்டிய நாடகத்தில் வள்ளி வேடம் கிடைத்த நாளிலிருந்து அவளுடைய அம்மா கேதீஸ்வரி அவளை வெயிலில் இறங்க விடவில்லை. மேடையில் நிறம் எடுபட வேண்டுமாம்.

"வள்ளி தினைப்புனம் காத்தவதானேம்மா? வெயிலுக்கதானே நிண்டிருப்பா."

"காத்தவதான். மேடையிலல்ல."

அதற்குப் பிறகு ஓட்டோவுக்குக் கூடக் குடை பிடித்துத்தான் ஏற்றினாள். நடன வகுப்பிலோ, வாவிக் காற்றில் புழுதி வருகிறதென்று ஜன்னல்களை எப்போதும் சாத்தியே வைத்திருப்பார்கள். மட்டக்களப்பு முழுக்க வெந்து கிடந்த ஒரு வருடத்தைப் பிரஷாந்தி ரியூப் லைட் வெளிச்சத்தில் கழித்தாள்.

இடது பாதம் கொஞ்ச நாளாகவே நொந்துகொண்டிருந்தது. சொன்னால் வேடம் போய்விடும் என்று அவள் சொல்லவில்லை. ஒருநாள் ஒத்திகையில் துள்ளி இறங்கியவளால் அந்தக் காலை ஊன்ற முடியவில்லை.

டொக்டர் ஸியாம் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பாதத்து எலும்பில வெடிப்பு இரிக்கி. விழுந்தீங்களா?"

"இல்ல டொக்டர். ஆடினன்."

இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அவர் கேட்டார்: "விற்றமின் டி நல்லாக் குறைவு. புள்ள வெயிலுக்குப் போறல்லியா?"

"பட விடமாட்டன் டொக்டர்," என்றாள் கேதீஸ்வரி பெருமையாக.

"அது மட்டும்தான் காரணமெண்டு சொல்ல ஏலாது. ஓய்வில்லாம ஆடினதும் இரிக்கி. ஆனா எலும்பு இப்பிடி இருந்தா மறுகாவும் வெடிக்கும்." மருந்தும் ஓய்வும், தினமும் கொஞ்சம் வெயிலும் என்றார்.

வெளியே வந்ததும் அம்மா குரலைத் தாழ்த்தினாள். "மட்டக்களப்பில இருந்துகொண்டு வெயில் குறைவாம். ஆரிட்டயும் சொல்லிராதகா."

நடன ஆசிரியை சீதேவிப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். "இறுக்கிக் கட்டிப்போட்டு ஆடலாம் புள்ள. நானும் நோவோட ஆடினனான்."

பிரஷாந்தி சிறுவயதிலிருந்து அவருக்கு "ஓம் டீச்சர்" என்பதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை.

"ஏலாது டீச்சர்."

டீச்சர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். வேடம் வேறொருத்திக்குப் போனது. பிரஷாந்தி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் காலை முற்றத்து வெயிலில் ஒரு கதிரை வந்தது; அதில் பிரஷாந்தி இருந்தாள். பக்கத்தில் கருவாடு காய்ந்தது. இரண்டுக்கும் கேதீஸ்வரி காவலிருந்தாள்.

அடுத்த வீட்டுக் கண்ணகை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்ன, நேத்திக்கடனா?"

"ஓம்."

"எந்தக் கோயிலுக்கு?"

அம்மா யோசித்தாள். "சூரியனுக்கு."

கண்ணகை பயபக்தியோடு கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கால் சுகமாகி வகுப்புக்குத் திரும்பியபோது பிரஷாந்தி மற்றப் பிள்ளைகளை ஒவ்வொருத்தியாகக் கேட்டுப் பார்த்தாள். மூன்று பேர் முழங்காலுக்குக் கீழே நோவை மறைத்துக்கொண்டு ஆடினார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டுபோய் டீச்சர் முன்னால் நின்றாள். டீச்சர் குனிந்து மூன்று பேரின் கால்களையும் அழுத்திப் பார்த்தார். அடுத்த கிழமை ஜன்னல்களைத் திறந்துவிட்டார்; புழுதிதான் வந்தது. அதற்கடுத்த கிழமை காலைப் பயிற்சி முற்றத்துக்கு மாறியது. மூவரையும் டொக்டரிடம் அனுப்பியதும் அவர்தான்.

அடுத்த ஆண்டும் வள்ளி வேடம் பிரஷாந்திக்கு வரவில்லை. முருகனாக ஆடினாள். கேதீஸ்வரி முன்வரிசையில் இருந்து மகளின் முகத்தை ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. இடது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் கண்ணகை கையைப் பிடித்துக்கொண்டாள். "புள்ளைக்கு என்ன அபிநயம்!"

"ஓம்," என்றாள் கேதீஸ்வரி. "நோகல்லயாம்."