சமையலறைக்கு வந்த நீல நிழல்

சமையலறை அலமாரிகளுக்கு அடியில் நான் இரண்டு நிற விளக்குப் பட்டைகளை ஒட்டிவிட்டதால் என் மனைவியின் நிழல் இரண்டாகப் பிரிந்தது. அதில் ஒன்று ஆணாகிவிட்டது. மஞ்சள் ஓடிய நிழல் அவளுடையதேதான், கொண்டை உட்பட எல்லாம் சரியாக இருந்தது. நீலம் ஓடிய மற்றது அவளைவிட ஒரு சாண் உயரம், அகன்ற தோள், தலை நிறைய முடி. முடியைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என்னிடம் அது இல்லை.

தவறு நடந்த விதம் எளிமையானது. விளக்குப் பெட்டியின் மேல் கெல்வின் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். எண் குறைந்தால் வெளிச்சம் மஞ்சள், கூடினால் வெள்ளை, இன்னும் கூடினால் நீலம் கலந்த வெள்ளை. எனக்கு இது தெரியாது. நிற வெப்பநிலை என்று எழுதியிருக்கிறார்களே, எண் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் மஞ்சளும் கூடத்தானே செய்யும் என்று நானாகவே ஒரு விஞ்ஞானத்தை உண்டாக்கிக்கொண்டேன். முதலில் வாங்கிய மூவாயிரம் கெல்வின் பட்டை அடுப்புக்கு மேலேயே தீர்ந்துபோனது. மிச்சத்துக்கு, இன்னும் கொஞ்சம் இதமாக இருக்கட்டும் என்று ஆறாயிரம் வாங்கி வந்து பாத்திரம் கழுவும் தொட்டிவரை ஒட்டினேன். யாரையும் கேட்காமல் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. கடைக்காரரைக் கேட்டேன். "அது உங்க டேஸ்ட் சார்" என்றார். மனைவியைக் கேட்டேன். செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள் அவள். புதுப் பல்லைப் பக்கத்துப் பல்லோடு நிறம் பொருத்துவது அவள் பொறுப்பு. "காலைலேருந்து வெள்ளைல எத்தனையோ தினுசு பாத்துட்டு வரேன். வீட்லயும் நிறமா? உங்க இஷ்டம்" என்றாள்.

வந்தது நிழலாக மட்டும் இருந்திருந்தால் நான் பெரிதுபடுத்தியிருக்க மாட்டேன். அது வேலை செய்தது. நீலக் கை மேடையில் விழுந்தால் பூண்டு தானாக உரிந்தது. பால் பொங்கி வரும் நேரத்துக்கு அடுப்பு அணைந்தது. எட்டாத தட்டிலிருந்த டப்பா அவள் அண்ணாந்து பார்க்குமுன் கீழே இறங்கி நின்றது. நான் ஒரு நாளிதழில் காய்கறி விலை நிலவரம் எழுதுகிறவன். பூண்டு எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். உரிப்பது என் இலாகா இல்லை. நான் அந்த நிழலை "அது" என்றுதான் குறிப்பிட்டேன். அவள் முதல் வாரத்திலேயே "அவர்" என்று ஆரம்பித்துவிட்டாள். மரியாதையைப் பார்த்த பிறகு நான் வேண்டுமென்றே "அவன்" என்றேன்.

விஷயம் வெளியே தெரிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்தார். பார்த்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, "இவரு உங்களுக்கு என்ன முறை வேணும்?" என்பதுதான். நான் யோசிப்பதற்குள் அவரே ஒரு முடிவுக்கு வந்து, நிழலைத் தம்பி என்று கூப்பிடத் தொடங்கினார். குடிவந்த நாளிலிருந்து என்னை சார் என்று கூப்பிடுகிற பெண்மணி அவர். மறுவாரமே மூடி இறுகிப்போன ஜாடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "தம்பி, இதக் கொஞ்சம் தொறந்து குடுப்பா" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் கைகள் உண்டு.

யார் அவன் என்று கண்டுபிடிக்காமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளோடு கல்லூரியில் படித்த ஒருவர், அந்தக் காலத்தில் பரீட்சைக்கு முன்னால் குறிப்பெழுதிக் கொடுத்தவர், இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பழைய புகைப்படத்தில் அவர் தோளும் முடியும் அச்சு அசல் இதேதான். ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட வரச்சொல்லி, தண்ணீர் எடுக்கிற சாக்கில் அவரைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய் விளக்கைப் போட்டேன். சுவரில் அவருடைய வழுக்கையே இரண்டு நிழலாக விழுந்தது, ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவருக்கு இரண்டு தடவை சோறு போட்டேன். இன்றுவரை என் கண்ணாடியை அவர்தான் பழுது பார்க்கிறார். ஆனால் ஆள் யார் என்ற கேள்வி அப்படியே நின்றது.

இப்படி இரண்டு மழைக்காலங்கள் போயின. நான் இளைத்தேன். அவள் சமைக்கும்போது பாட ஆரம்பித்தாள். என்னைக் கட்டிக்கொண்ட பிறகு நான் கேட்டிராத பாட்டு. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில் ஏணியைப் போட்டு நீலப் பட்டையை உரித்து எடுத்தேன். அதன் இடத்தில் நாலாயிரம் ஒட்டவில்லை, ஐயாயிரம் ஒட்டவில்லை, ஒழுங்காக முழுக்க மூவாயிரம் ஒட்டினேன். சமையலறை கல்யாண ஆல்பம் மாதிரி அழகாக ஒரே நிறத்தில் ஜொலித்தது. அவள் வந்தாள், பார்த்தாள், கைப்பையை மாட்டிவிட்டுப் பாலை அடுப்பில் வைத்தாள். பால் பொங்கி வழிந்தது. அணைக்க மறந்துவிட்டாள். துணியை எடுத்து மேடையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். பாட்டு வரவில்லை. என் மேல் கோபப்பட்டிருந்தால்கூட நான் ஜெயித்த கணக்குதான். அவளோ சுவரில் தன் ஒற்றை நிழலைப் பார்த்துக்கொண்டு நின்றாள், ரயில் போன பிறகும் நடைமேடையில் நிற்பவர்களைப் போல.

மறுநாள் நானே மறுபடி ஏணியில் ஏறினேன். பசை போயிருந்த நீலப் பட்டையைப் புது ஒட்டுநாடா வைத்து, பழைய இடத்திலேயே, அடுப்பிலிருந்து தொட்டிவரை ஒட்டினேன். விளக்கைப் போட்டதும் அவன் சுவரில் வந்து நின்றான். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்த மாதிரி இருந்தது. நானும் அசைத்துத் தொலைத்தேன்.

மாலையில் அவள் வந்து பார்த்துவிட்டு வெங்காயக் கூடையை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் பாட்டு கேட்டது. நான் சமையலறை வாசல்படியில் நின்று கேட்டேன்.

"ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. உனக்கு அவனைப் பிடிச்சிருக்கா, என்னையா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவரத்தான்."

அவள் நிறுத்தவில்லை.

"இந்த ரூமுக்குள்ள அவரத்தான் பிடிச்சிருக்கு. கட்டிக்கிட்டதுலேருந்து நீங்க அந்த வாசல் நெலைல சாஞ்சு நின்னு வெங்காயம் என்ன வெலைன்னுதான் சொல்றீங்க. அவரு வாயே தெறக்கல, பக்கத்துல வந்து நின்னாரு. யாரு, எங்கேருந்து வந்தாருன்னு எனக்கும் தெரியாது, நான் கேக்கவும் போறதில்ல. நீங்க உள்ள வந்து நில்லுங்க, அப்பறம் இதே கேள்விய கேளுங்க. நேத்து அவரு போனப்பகூட எனக்கு அழுகை வரல. திரும்ப ஏணில ஏறினது நீங்கதான்னு தெரிஞ்சப்பதான் வந்துச்சு."

நான் உள்ளே போனேன். அவள் ஒரு வெங்காயத்தை என் கையில் வைத்து, என் தோளைப் பிடித்து ஒரு அடி நகர்த்தினாள்.

"தள்ளி நில்லுங்க, அவருக்கு மறைக்குது."