தட்டாத கை

தகன உலையிலிருந்து இரும்பு மேடை உருண்டு வந்து நின்றபோதும் யசுயேவோடு சேர்ந்து நிற்க ஆள் கிடைத்தபாடில்லை. தம்பி கியோஹாரு வெள்ளை எலும்பாகக் கிடந்தான். ஊர் வழக்கப்படி ஒவ்வொரு எலும்பையும் இரண்டு பேர் சேர்ந்து குச்சியால் பிடித்துத்தான் கலசத்தில் போடவேண்டும். ஒற்றை ஆளாகச் செய்கிற காரியமில்லை அது.

அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. தன் கல்யாணப் பேச்சை அவன் எடுக்கவே விட்டதில்லை. வருடக் கடைசி இரவுகளில் நொஷிரோ ஊரே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து அவன் மல்யுத்தப் போட்டிக்குக் கத்தித் தீர்த்த காலம் ஒன்று இருந்தது. கை முறிந்தபின் எல்லாம் இறங்குமுகம். பெரிய அரங்கம் போய் ஓட்டல் கூடம், அதுவும் போய் அங்காடியின் வாகன நிறுத்துமிடம். தோற்றுத் தோற்று, நாற்பத்தாறு வயதில், வாடகை அறையின் குளியல் தொட்டியில் நெஞ்சடைத்துப் போனான். அன்று கத்தியவர்களில் ஒருத்தரும் இன்று எட்டிப் பார்க்கவில்லை.

"வேற யாரும் இல்லைன்னா நானே பிடிக்கிறேன்மா," என்றார் தகனக்கூட ஊழியர். நல்ல மனிதர்தான். ஆனாலும் கியோஹாருவை முன்பின் தெரியாதவர்.

தெரிந்தவன் ஒருவன் வெளியே இருந்தான். ஓனுமா. போட்டியில் அந்தக் கையை முறித்தவன். நேற்று அஞ்சலிக்கு வந்தவனை அவள் வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தாள். சூடு சொரணை இல்லாமல் இன்றும் வந்து காத்திருப்பு அறையின் மூலையில் கறுப்புக் கோட்டோடு குந்தியிருந்தான்.

யசுயே கதவைத் திறந்தாள். "வாங்க," என்றாள்.

காலிலிருந்து தொடங்கினார்கள், கலசத்துக்குள் ஆள் நிமிர்ந்து உட்கார வேண்டுமே. பாதம், முழங்கால், இடுப்பு என்று இருவரின் குச்சிகளும் ஒன்றாக ஏறி இறங்கின. வலது முழங்கை வந்தது. எலும்பு துண்டு துண்டாகியிருக்க, மருத்துவர் வைத்த உலோகப் பட்டை மட்டும் திருகாணிகளோடு முழுசாகக் கிடந்தது. ஓனுமாவின் குச்சி அதன்மேல் நின்றது.

"தட்டுவான்னு காத்திருந்தேன்க்கா," என்றான். "தோத்தேன்னு தரையில ரெண்டு தட்டு தட்டியிருந்தா விட்டிருப்பேன். கையை முறுக்கிப் பிடிச்சுக்கிட்டு காதுகிட்டயே கெஞ்சினேன், தட்டுடா, தட்டுடான்னு. பாவி, தட்டவேயில்ல."

இத்தனை வருடமாக அவள் இவனைச் சபித்திருக்கிறாள். இப்போது அந்தச் சாபத்தைத் தேடினால் கிடைக்கவில்லை.

"எங்கிட்ட உடனே தட்டிடுவான்," என்றாள். "சின்னப் பிள்ளைல விளையாட்டுக்குக் கையைப் பிடிச்சாலே போதும், பாயில படபடன்னு தட்டுவான். அக்கா, விட்டுடு விட்டுடுன்னு."

ஓனுமா சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"மெதுவாப் பிடிங்க," என்றாள் யசுயே. "இனிமே வலிக்காது."

இருவருமாக அந்தத் துண்டைத் தூக்கிக் கலசத்தில் வைத்தார்கள். பட்டை மேடையிலேயே தங்கிவிட்டது.

வாசலில் ஓனுமா இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டுப் பேருந்துக்கு நடந்தான். யசுயே ரயிலேறினாள். பெட்டியில் வேறு யாரும் இல்லை. வெள்ளைத் துணி சுற்றிய கலசம் மடியில் இருந்தது. சூடு இன்னும் ஆறவில்லை. ஜன்னலுக்கு வெளியே கடல் சாம்பல் நிறத்தில் கூடவே வந்தது. வீட்டுக்குப் போனால் ஒற்றைக் கிண்ணம்தான் கழுவ வேண்டும்.

அடுத்த நிலையத்திலும் யாரும் ஏறவில்லை. யசுயே கலசத்தின்மேல் உள்ளங்கையை வைத்து இரண்டு முறை தட்டினாள்.

சூடு விடவில்லை.