பதினோராம் கட்டில் நோயாளி

1934-இல் எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு தூக்கப் புத்தகம் இருந்தது. வகுப்பில் கண்ணசந்த நர்ஸ் மாணவி அதில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று கையெழுத்து விழுந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நல்லம்மாள் அப்படித்தான் காப்பாரில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பிப் போனாள். எங்களிலேயே நோகாமல் ஊசி போடுகிறவள் அவள் ஒருத்திதான். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் ஏற்கெனவே இரண்டு கையெழுத்துப் போட்டிருந்தேன். ராத்திரி எட்டிலிருந்து காலை ஆறு வரை வார்டில் வேலை, ஒன்பது மணிக்கு வகுப்பு, மத்தியானம் மறுபடியும் வார்டு. அப்புறம் கொஞ்சம் படுக்கலாம். விடுதி ஜன்னலுக்கு நேரெதிரே பிரிக்பீல்ட்ஸ் தண்டவாளம். அது பரவாயில்லை; நான் செந்தூல் ரயில் பட்டறை பிட்டரின் மகள், ரயில் சத்தத்தில் வளர்ந்தவள். பயம்தான் தூங்க விடவில்லை. கண்ணை மூடினால் அந்தப் புத்தகம் வந்து நிற்கும், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். அப்பாவோ, "எங்க மார்க்கிரட் நர்ஸாகப் போறா" என்று பட்டறை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

நாடி பார்க்கப் பழகிய கை சும்மா இருக்குமா? ஒரு காய்ச்சல் சார்ட்டை எடுத்து என்னையே எழுத ஆரம்பித்தேன். தூக்கம் மூன்று மணி நேரம், நாடி நூற்றெட்டு. தூக்கம் இரண்டு மணி நேரம், கை நடுக்கம், பசியில்லை. இப்படிப் பத்து நாள்.

மறுநாள் வகுப்பில் சிஸ்டர் பூரணம், "எந்த நோயாளிக்கும் நித்திரைதான் முதல் மருந்து" என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நான் அந்த மருந்தை அங்கேயே சாப்பிட்டுவிட்டேன்.

"மார்க்கிரட்! நீர் நித்திரை கொண்டனீர். டாக்டர் வார்டு பாத்து முடிய, வந்து கையெழுத்துப் போடும்."

"சரி சிஸ்டர்" என்றது வாய். உள்ளே கொதித்தது. நான் சோம்பேறியா? பத்து மணி நேரம் அடுத்தவர்களைத் தூங்க வைத்துவிட்டு வந்தவள் நான்! விடுதிக்கு ஓடிப்போய்ச் சார்ட்டை எடுத்துவந்து, பெண்கள் வார்டில் காலியாகக் கிடந்த பதினோராம் கட்டிலின் கால்மாட்டில் மாட்டினேன். அதில் என் பெயரைத்தான் எழுதியிருந்தேன். ஆனால் டாக்டர் சிவசம்புவுக்கு எங்கள் பெயரெல்லாம் தெரியாது. அவருக்கு நாங்கள் எல்லோரும் நர்ஸ்தான்.

டாக்டர் கட்டில் கட்டிலாக வந்தார். கூடவே சிஸ்டரும், பின்னால் நானும். பதினொன்றில் நின்று சார்ட்டைப் படித்ததும் அவர் முகம் மாறியது.

"பத்து நாளா நித்திரை இல்லை. இந்தப் பிள்ளையை ஆர் எழும்பித் திரிய விட்டது?" என்று சத்தம் போட்டார். பேனாவை எடுத்து, 'மூன்று நாள் முழு ஓய்வு. எழுப்பக் கூடாது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். "எங்கே நோயாளி?"

"நான்தான் டாக்டர்."

"டாக்டர், இவ நர்ஸ்!" என்றார் சிஸ்டர்.

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் தலை குனியவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார்.

"நூற்றுப் பன்னிரண்டு" என்றார் சிஸ்டரிடம். "நான் எழுதினதை மாத்த மாட்டன்." பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போய்விட்டார்.

தொப்பியைக் கழற்றினேன். சப்பாத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தேன். பட்டப்பகலில், வார்டே பார்த்துக்கொண்டிருக்க, ஏறிப் படுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் தூக்கப் புத்தகத்தோடு வந்தார். பக்கத்தைத் திருப்பிப் பேனாவை நீட்டினார்.

"மூன்றாவது கையெழுத்து."

போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டேன்.

"நோயாளிங்க அதுல கையெழுத்துப் போடறதில்ல சிஸ்டர். போறப்ப அந்த ஜன்னலச் சாத்திட்டுப் போங்க. வெயில் மூஞ்சில அடிக்குது."